முழுப்பேர் போடச் சொன்னேன்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எங்கே புள்ளி வைப்பது, எங்கே விடுவது என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். மறதியும் கூடிவிட்டது. அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு, தீய்ந்த வாசனை யார் வீட்டிலிருந்து வருகிறது என்று வாசலில் நின்று பார்க்கிறவள் நான். முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவன் முகத்தை மட்டும் மறக்கவில்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு, அந்த இடத்தில் முடி கிடையாது. கிழவி மறந்துவிடுவாள் என்று அவன் நினைத்திருந்தால் அது அவன் தப்பு.

யாருடைய பேரையும் இதில் எழுதப் போவதில்லை. பேரால் வந்த வினை போதும்.

நாங்கள் இருப்பது பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற ரோட்டோரத்துத் தோட்டம் ஒன்றில். எனக்கு ஒரு கூட்டாளி. ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா வீட்டில் பிறந்தோம். கொழுந்து எடுக்கும்போது அவள் ஒரு நிரை, நான் பக்கத்து நிரை. நான் வெளியாட்களிடம் பேசமாட்டேன். கடையில் உப்பு வாங்குவதென்றாலும் அவள்தான் எனக்காகக் கேட்பாள். எனக்கு வாய் அவள்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

தோட்டத்தில் பேர் என்ற சொல்லுக்கு வேறு ஒரு அர்த்தம் உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருநாள் வேலையைப் பதிவதைத்தான் நாங்கள் பேர் போடுவது என்போம். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். வயது வந்ததும் பேரை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கலாம். எடுத்ததற்குக் காசு கிடைக்கும், பேர் கிடைக்காது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரிக்கும்போது பேர் உள்ளவளைக் கூப்பிடுவார்கள். பேர் இல்லாதவள் தானாகப் போய் ஓரமாக நிற்க வேண்டும். கூப்பிட்டுப் போவதற்கும் கூப்பிடாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் அப்படி நின்று பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

அந்த மாதம் கணக்கப்பிள்ளை ஒரு செய்தி சொல்லியிருந்தார். மலையில் ஆள் குறைவாம். வயதானவர்களில் தெம்பு உள்ளவர்களுக்குத் திரும்பவும் பேர் போட ஆலோசனையாம். ஆபீசிலிருந்து யாராவது வந்து விசாரிப்பார்களாம். அதைக் கேட்டதிலிருந்து நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்குக் கூட்டாளி வரவில்லை. பண்டாரவளையில் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். நான் கொழுந்து நிறுத்துவிட்டு ரோட்டோர மதகில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்து இறங்கினான். முப்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளைச் சட்டை, தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. கையில் ஒன்றும் இல்லை. போனைக்கூடச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் கிட்ட வந்தான். யாராவது போனைத் தூக்கினால் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன், அது என் பழக்கம். வெறும் கையோடு வந்து குனிந்து, மரியாதையாக, அம்மா என்று கூப்பிடுகிறவன் முன்னால் எதற்கு மூட வேண்டும்? கண்ணாடியின் ஓரத்தில் கடுகளவு ஒரு வெளிச்சம் தெரிந்தது. வெயில் பட்டு மினுங்குகிறது என்று நினைத்தேன்.

எத்தனை வருஷமாகக் கொழுந்து எடுக்கிறீர்கள், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்டான். ஆபீஸ் ஆள்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கேள்வியெல்லாம் அந்த மாதிரித்தான் இருந்தது. கடைசியில் கேட்டான்.

"அம்மா, உங்க பேர் போடலாமா?"

வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேர் வெட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"போடுங்க தம்பி. அரைப்பேர் போட்டுறாதீங்க. முழுப்பேராவே போடுங்க."

சிரித்தான். அப்படியானால் முழுப்பேரையும் சொல்லுங்கள் என்றான். அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு மட்டும் பேர் வந்து, அவள் ஓரமாக நின்றால் எப்படி? எனக்கு வாயாக இருந்தவளுக்கு அன்றைக்கு நான் வாயாக இருந்தேன். இன்னொருத்தி இருக்கிறாள், அவளுக்கும் போடுங்கள் என்று அவள் பேரைச் சொன்னேன். வயது கேட்டான். அடையாள அட்டையில் எழுபத்தொன்று. அதைச் சொன்னால் வேண்டாம் என்று விடுவார்களோ என்ற பயத்தில், யாரிடமும் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"அது கார்டு வயசு தம்பி. கார்டுல உள்ள பேரும் வயசும் அவ அக்காவோடது. அக்கா சின்னதுலயே செத்துப்போச்சு. இவளுக்குப் பொறப்புப் பதியல. அக்கா கடதாசியைக் காட்டித்தான் வேலைக்குச் சேத்தாங்க. நெசமா மூணு வயசு கம்மி. மலையெல்லாம் நல்லா ஏறுவா."

நல்ல கதை அம்மா என்றான். ஆபீஸ்காரன் எதற்கு இதைக் கதை என்கிறான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குள் போய்விட்டான்.

ஒரு மாதம் இருக்கும். கடைக்கு முன்னால் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "பெரியம்மா, நீங்க போன்ல வர்றீங்க, வந்து பாருங்க" என்றாள். பார்த்தேன். என் வாய், வெற்றிலைக் கறை, விழுந்த பல், எல்லாம் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவன் போட்டிருந்த கண்ணாடியிலேயே கேமரா இருந்ததாம். கீழே என் முழுப்பேர், அப்பா பேரோடு. முழுப்பேராவே போடுங்க என்று நான் சொல்லும் இடத்தை மட்டும் மூன்று தரம் திருப்பித் திருப்பிப் போட்டு, பின்னால் மேளம் அடித்திருந்தான். அதற்குப் பிறகு கொழுந்து ஏற்ற வருகிற டிராக்டர்காரன் என்னைக் கண்டால், "என்ன பெரியம்மா, இன்னைக்கி முழுப்பேரா அரைப்பேரா?" என்று கேட்காமல் போகமாட்டான். சின்னப்பிள்ளைகள்கூடக் கேட்டன. அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். வீடியோ அங்கே முடியவில்லையே. கூட்டாளியின் பேரும், அவள் அக்காவின் சாவும், கடதாசியும் எல்லாம் அதில் இருந்தன.

அவளுடைய சங்கதி என்னைத் தவிர உயிரோடிருக்கிற யாருக்கும் தெரியாது. பெற்ற மகளுக்கே தெரியாது. அக்காவின் வயதில் இருந்ததால் அவளுக்கு மூன்று வருஷம் முந்தியே பேரை வெட்டினார்கள். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது புது வீட்டுத் திட்டத்தில் அவளுக்கு ஒரு காணித் துண்டும் வீடும் வந்திருந்தது. சுவர் எழும்பி, கூரையும் போட்டாயிற்று. காணி உறுதிப் பத்திரம் மட்டும் கைக்கு வர வேண்டும். பட்டியலில் இடம் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் யாரோ அந்த வீடியோவை வீடு கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்கு அனுப்பிவிட்டார்கள். உறுதியில் இருக்கிற பேர் செத்துப்போன பிள்ளையின் பேரா, விசாரணைக்கு வா என்று கடிதம் வந்துவிட்டது.

அவள் என் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"அம்பது வருஷத்துக்கு மேல எங்கக்கா பேரைத் தூக்கிக்கிட்டு நடந்தேன். ஒருநாளும் கீழ வைக்கல. நீ கொண்டுபோய் ரோட்டுல போட்டுட்ட."

ஆபீஸ் ஆள் என்று நினைத்தேன், உனக்காகத்தான் சொன்னேன் என்றெல்லாம் அழுதேன். அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் எடுக்கிற நிரைக்குப் பக்கத்து நிரையில் வேறொருத்தி.

அன்றைக்கு முடிவு செய்தேன். அவனை விடுவதில்லை.

ஆபீஸ் கிளாக்கர் ஒருவரிடம், இப்படிப் படம் எடுக்கலாமா என்று என் மகள் போய்க் கேட்டாள். ரோட்டில் உட்கார்ந்து பேசினால் அது எல்லோருக்கும் பொதுதானே, என்ன செய்ய முடியும் என்றாராம். அதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. ரோடு என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா? எங்கள் தண்ணீர்ப் பீலி ரோட்டோரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் பொம்பளைகள் எல்லோரும் மாரோடு சேலையைக் கட்டிக்கொண்டு குளிக்கிறோம். அந்தப் பக்கம் வருகிற ஆம்பிளை வளைவிலேயே தொண்டையைச் செருமுவான். நாங்கள் திரும்பிக்கொள்வோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். குடித்துவிட்டு வருகிறவன்கூடச் செருமாமல் வந்ததில்லை. பொது ரோட்டில் நடக்கிற முறை அது. வெள்ளைக்காரர்கள் பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். அதுவும் ஒரு செருமல் மாதிரித்தான், மூடிக்கொள்ள நேரம் கிடைக்கும். இவன் செருமவில்லை. கண்ணிலேயே கேமராவை வைத்துக்கொண்டு, அம்மா என்று கூப்பிட்டான்.

கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் ரோதமுனி இருக்கிறது. ரோதை என்றால் மெஷின் சக்கரம். அதற்குக் காவல் அந்த முனி. கைகால் சக்கரத்தில் போகாமல் இருக்க ஸ்டோர் ஆட்கள் கும்பிடுகிற சாமி. பொல்லாதது. அங்கே காசு வெட்டிப் போடுவார்கள். நமக்குக் கெடுதல் செய்தவனை நினைத்து ஒரு காசை உளியால் இரண்டாக வெட்டிச் சாமி காலடியில் போட்டால், முனி அவனைப் பார்த்துக்கொள்ளும். நான் காசோடு போனேன். பூசாரி உளியை எடுத்து வைத்துவிட்டு, யார் பேருக்கு என்று கேட்டார்.

பேர் தெரியாது, கண்ணாடி போட்டவன் என்றேன்.

"நம்ம பெரிய கிளாக்கரும்தான் கண்ணாடி போட்டிருக்காரு. முனி யாரைன்னு தேடிப் போகும்? பேர் இல்லாம வெட்டக் கூடாதும்மா."

காசை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வந்தேன். என் பேர், என் அப்பா பேர், கூட்டாளி பேர், செத்துப்போன பிள்ளையின் பேர் வரைக்கும் அவன் கொண்டுபோய்விட்டான். அவன் பேர் எனக்குத் தெரியாது. வீடியோவிலும் அவன் பேர் இல்லை, ஏதோ ஒரு பறவையின் பேரை வைத்திருந்தான். அவன் முகமும் எதிலும் இல்லை. கேமரா அவன் கண்ணில் இருந்தால் அவன் முகம் எப்படி வரும்? ஊரார் முகமெல்லாம் இருக்கிறது, எடுத்தவன் முகம் மட்டும் இல்லை. அதைப் பார்த்தவள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்திதான்.

மகளின் போனில் அவன் போடுகிற வீடியோக்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். ஒரு நாளும் போன் பார்க்காத அம்மாவுக்கு என்ன வந்தது என்று அவளுக்கு ஆச்சரியம். பதுளை ஞாயிற்றுச் சந்தை அடிக்கடி வந்தது. ஒரே வழி, ஒரே மூலை. காய்கறிக்காரர்களைத் தாண்டி வெற்றிலைக்காரி இருக்கிற இடத்தில் நின்று பேச்சுக் கொடுக்கிறான். அது போதும். கைக்காசை விட்டுவிட்டு ஞாயிறு ஞாயிறாகப் பதுளை பஸ் ஏறினேன். கடையில் உப்புக் கேட்க வெட்கப்பட்டவள், தெரியாத வெற்றிலைக்காரி பக்கத்தில் கோணிச்சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு அவன் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு மழை. இத்தனை நாளும் என்ன செய்வேன், என்ன சொல்வேன் என்று மனதுக்குள் அடுக்கி அடுக்கி வைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் எனக்கு நல்ல பசி எடுத்தது.

மூன்றாவது ஞாயிறு வந்தான். அதே கண்ணாடி, புருவத்தில் அதே தழும்பு. வெற்றிலைக்காரியிடம் ஏதோ கேட்டான். கண்ணாடி ஓரத்தில் அந்தக் கடுகு வெளிச்சம் இருந்தது. நான் எழுந்தேன். ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பை வழித்து, விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"தம்பி, கண்ணாடியில ஏதோ ஒட்டியிருக்கு. கொஞ்சம் குனிங்க."

நல்ல பிள்ளை மாதிரிக் குனிந்தான். இரண்டு கண்ணாடியிலும், அந்த வெளிச்சத்தின் மேலும் நன்றாக இழுத்துப் பூசினேன். என்னம்மா இது என்று பின்னால் போனான். சுண்ணாம்பு என்றேன். வெற்றிலைக்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வெத்தல போடாம சுண்ணாம்ப மட்டும் போட்டுட்டுப் போறாரே ஐயா" என்றாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையால் துடைத்தான். சுண்ணாம்பு இன்னும் பரவியது. அப்புறம்தான் என்னை அடையாளம் கண்டான்.

"நீங்களா அம்மா? நீங்கதானே போடச் சொன்னீங்க?"

அந்தச் சொல் என்னைக் குத்தியது. சொன்னது நான்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடி இல்லாமல் அவன் பேசுவதைக் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. எந்த ஊர் நீ என்று கேட்டேன். பூனாகலைப் பக்கம் என்றான். லயமா என்றேன். லயம்தான் என்றான்.

"ஒங்கம்மா கொழுந்து எடுத்தவங்களா?"

"இப்பவும் எடுக்குறாங்க."

"அப்ப பேர் போடுறதுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியும்."

கண்ணாடியை மடித்தான், விரித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆம்பிளை முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கடைசியில் மெல்ல, தெரியும் என்றான். நான் முழுப்பேர் கேட்டவுடனேயே விளங்கிவிட்டதாம், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருமே என்று அப்படியே விட்டுவிட்டானாம்.

வெளியூர்க்காரன், அர்த்தம் தெரியாமல் செய்துவிட்டான் என்றால்கூட என் மனது கொஞ்சம் இறங்கியிருக்கும். அவன் தாய் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்னைக்கி அரைப்பேர்தான் போட்டாங்க என்று சொன்னதை எத்தனை தடவை கேட்டு வளர்ந்திருப்பான். எங்கள் சொல்லை எங்களுக்கே பொறியாக வைத்தவன் எங்கள் பிள்ளை.

கூட்டாளிக்குக் கடிதம் வந்ததையும் வீடு கைக்கு வராமல் நிற்பதையும் சொன்னேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது. போனை எடுத்து என் முன்னாலேயே எதையோ அமுக்கினான். அழிச்சிட்டேன் அம்மா என்று காட்டினான். எதை அமுக்கினான் என்று எனக்கு என்ன தெரியும்? மன்னிச்சிக்குங்க என்றான்.

"ஒன் பேரைச் சொல்லு. முழுப்பேரா சொல்லு."

சொன்னான். அப்பா பேரையும் கேட்டேன், சொன்னான். மறக்காமலிருக்க அவன் முன்னாலேயே மூன்று தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டான்.

"பேர் போடத்தான்."

பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தாள். அடுத்த செவ்வாயோ வெள்ளியோ கோயிலுக்குப் போனேன். பூசாரி பேரைக் கேட்டு, அவனுக்கு என்ன ஆக வேண்டும் என்று கேட்டார். கண் போக வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அது போதாது என்று தோன்றியது. அவன் எங்கே போனாலும் யாராவது அவனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அழும்போதும், எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியக் கூடாது என்று சொன்னேன். அவன் தாயை மட்டும் விட்டுவிடு என்றும் சொன்னேன். உளியை நான்தான் பிடித்தேன். முதல் அடியில் காசு வளைந்தது. மூன்றாவது அடியில் துண்டானது. கோயிலை விட்டு வரும்போது பாவம் செய்தேன் என்று தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

கூட்டாளியின் விசாரணை இரண்டு மாதம் இழுத்தது. சத்தியக் கடதாசி எழுதி, சாட்சி சொல்லி, கடைசியில் வீடு போகவில்லை. ஆனால் உறுதியை மகளின் பேருக்கு எழுதிவிட்டார்கள். தன் பேரில் ஒரு வீடு என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளும் பண்டாரவளையிலிருந்து அங்கேயே வந்துவிட்டாள், இப்போது என் கூட்டாளி இருப்பது மகள் வீட்டில். மகளும் நல்லவள்தான். இருந்தாலும் கதவைத் திறக்கும்போது மகளிடம் கேட்டுவிட்டுத் திறக்கிறாள், நான் பார்த்தேன். உண்மை வெளியே வந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால்தான் நானும் இதை எழுதுகிறேன்.

காசு வெட்டியதைச் சொல்ல அவளிடம் போனேன். புது வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெட்டிட்டேன் என்றேன். திரும்பாமலே கேட்டாள்.

"அவனுக்கு மட்டுமா?"

வேறு யாருக்கு என்றேன். அவள் ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள்.

"ஒன் முழுப்பேரும் எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போற வழியும் தெரியும். முழங்கால்தான் விடமாட்டேங்குது."

அது விளையாட்டா நிஜமா என்று எனக்கு விளங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. ஆனால் இத்தனை மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசியது அன்றைக்குத்தான். நான் வாளியிலிருந்த அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

இவ்வளவுதான். கோயிலுக்குப் போனது செவ்வாயா வெள்ளியா என்பதைப் பூசாரியைத் தெரிந்தவர்கள் கேட்டுத் திருத்திவிடுங்கள். விசாரணை இழுத்தது இரண்டு மாதமா மூன்று மாதமா என்றும் எனக்குச் சந்தேகம். எழுத்துப் பிழையையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்றையும் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அழித்துவிட்டேன் என்று அவன் சொன்னது உண்மையா? என்னிடம் போன் இல்லை. மகளிடம் கேட்டால், விடுங்கம்மா என்கிறாள். உங்கள் போனில் அந்த வீடியோ இன்னும் வருகிறதா என்று தயவுசெய்து தேடிப் பாருங்கள். வந்தால் மறைக்காமல் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அவன் பேரை நான் இன்னும் மறக்கவில்லை.